“பேட் செட் பண்ணியாச்சு சார்” என்றார்கள். ட்ராக்கில் பிரேக் பிடிக்கவில்லை

ட்ராக் டேக்கு, அதாவது சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்ட விடும் நாளுக்கு, காரை எடுத்துப் போகிறவர்கள், முக்கியமாக முதல்முறை போகப் போகிறவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். நீளமான பதிவுதான். எனக்கு உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அது என் நல்ல நேரம், கடைக்காரரின் வேலை சுத்தம் அல்ல.

என்னுடையது பழைய போலோ. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ரோட்டில் ஓட்ட அந்த பிரேக் தாராளம். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் கதை வேறு. வேகம் மூன்று மடங்கானால் பிரேக் வாங்க வேண்டிய சூடு ஒன்பது மடங்காகும். 50 கிலோமீட்டரில் வந்து நிறுத்துவதற்கும் 150-ல் வந்து நிறுத்துவதற்கும் அவ்வளவு வித்தியாசம். அதுவும் ஒரே சுற்றில் பல முறை, ஆற விடாமல். கம்பெனி பேட் (வீலோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வி உரசி நிறுத்தும் கட்டை) அதைத் தாங்காது என்று ஏற்கனவே ஒருமுறை பட்டிருந்ததால், இந்தத் தடவை ட்ராக்குக்கென்றே செய்த பேட் போடலாம் என்று முடிவு செய்தேன்.

ரேஸ் கார் வேலையில் ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு வைத்திருக்கும் ஒரு சென்னைக் கடை. பெயர் இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும். பில்லில் நான்கு வரி: முன் பேட் 14,500 ரூபாய், டிஸ்க் சுத்தம் செய்ய 1,200, டாட் 4 பிரேக் ஆயில் மாற்ற 1,800, “ட்ராக் பெட்டிங்”, அதாவது புதுப் பேட்டை ஓட்டிச் செட் செய்ய, 2,500. கடைசி வரிக்காகத்தான் அந்தக் கடைக்கே போனேன். ஓனர் சொன்னது வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது: “விடியக்காலை நாலு மணிக்கு அவுட்டர் ரிங் ரோட்டுல நம்ம பையன் ஓட்டி செட் பண்ணிடுவான் சார். நீங்க நேரா ட்ராக்குக்குப் போய் அமுக்கலாம்.”

பேட் செட் ஆவது என்றால் என்ன என்பது தெரிந்தால்தான் இவர்கள் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று புரியும். பேட்டில் இருக்கும் பொருட்களை ஒட்டிப் பிடித்து வைப்பது ஒரு வகை ரெசின். புதுப் பேட் முதல்முறை நன்றாகச் சூடேறும்போது இந்த ரெசினில் ஒரு பகுதி ஆவியாகி வெளியே வரும். படிப்படியாகச் சூடேற்றினால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். ஒரே அடியாகச் சூடேற்றினால் அந்த ஆவி பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டையும் சரியாக உரசவிடாது. இதைத்தான் கிரீன் ஃபேட் என்கிறார்கள். இரண்டாவது விஷயம், பேட்டின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க் மேல் சீராகப் படிய வேண்டும். அந்தப் படலமும் பேட்டும் சேர்ந்துதான் முழுப் பிடிப்பைக் கொடுக்கும். டிஸ்க் மேல் பழைய பேட்டின் படலம் இருந்தால் புதுசு ஒழுங்காகப் படியாது. டிஸ்க்கை முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்வது அதனால்தான்.

சரி, நடந்ததற்கு வருகிறேன்.

காலை முதல் செஷன். முதல் இரண்டு சுற்று மெதுவாகத்தான் போனேன், பிரேக் நன்றாகவே இருந்தது. மூன்றாவது சுற்றில் வேகம் கூட்டினேன். ஒரு நேர்பாதையின் முடிவில் 140-ஐத் தாண்டியிருக்கும். பிரேக்கை மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது, கார் நிற்கவில்லை. இன்னும் பலமாக மிதித்தேன். கால் நடுங்குகிற அளவுக்கு மிதித்தும் யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி கார் போய்க்கொண்டே இருந்தது. கியரைக் குறைத்தேன், வளைவைத் திருப்ப முயலாமல் நேராக மண்ணுக்குள் விட்டேன். டயர் அடுக்கி வைத்த தடுப்புக்கு ஏழெட்டு அடி முன்னால் புழுதியோடு நின்றது. மண்ணில் இடித்ததில் முன் பம்பர் உடைந்து தொங்கியது. அன்றைக்கு எனக்கு முன்னால் வேறு கார் இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் ராத்திரி படுக்கும்போது நினைப்பு வருகிறது.

பேடாக்கில் (ட்ராக்கை ஒட்டிக் கார்களை நிறுத்தும் இடம்), சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்திலிருந்து ரேஸ் பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். வந்து வீலுக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தார். “தம்பி, பெடல் கல்லு மாதிரி இருந்துச்சா, மெத்தை மாதிரி அமுங்குச்சா?” என்று கேட்டார். கல்லு மாதிரி என்றேன். “அப்ப ஆயில் கொதிக்கல. பேட் செட் ஆகல.” நான் பில்லைக் காட்டினேன். அவர் பில்லைப் பார்க்கவே இல்லை. “வீலைக் கழட்டு” என்றார்.

ஆறிய பிறகு கழற்றினோம். பேட்டின் நடுப்பகுதி கண்ணாடி போலப் பளபளவென்று இறுகியிருந்தது. ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு, புதுசாக வரும்போது இருக்கும் பூச்சு அப்படியே இருந்தது. ஒழுங்காகப் பத்து முறை பிரேக் பிடித்திருந்தால்கூட அது மிஞ்சியிருக்காது. டிஸ்க்கில் திட்டுத்திட்டாகக் கறுப்பு. அதற்கு அடியில் பழைய பேட்டின் வட்டக் கோடுகள். உப்புத்தாள் பட்ட அடையாளமே இல்லை. 1,200 ரூபாய் வாங்கிய வேலை அது.

அப்புறம் ஆயில். மேலே டப்பாவில் பார்த்தால் தேன் நிறத்தில் புதுசாகத்தான் இருந்தது. பெரியவர் விடவில்லை, காலிப்பரில் (வீலுக்குள் பேட்டை டிஸ்க் மேல் அமுக்கும் பாகம்) இருக்கும் நிப்பிளைத் திறந்து கொஞ்சம் வடிக்கச் சொன்னார். டீக்கடை டிகாஷன் மாதிரி கறுப்பாக வந்தது. டப்பாவில் இருந்ததை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசை ஊற்றியிருக்கிறார்கள். சூடு ஏறுகிற இடமான காலிப்பரில் பழைய ஆயில் அப்படியே. டாட் 4 ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரத்தை இழுத்துவிட்டால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். பேட் காலை வாராமல் இருந்திருந்தால், அடுத்த செஷனில் ஆயில் கொதித்து பெடல் தரை வரைக்கும் போயிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் டேஷ்கேம் ஞாபகம் வந்தது. கடையில் விட்ட நாளின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். விடியக்காலை நாலு மணியும் இல்லை, ரிங் ரோடும் இல்லை. காலை 11 மணி 10 நிமிடத்துக்குக் கார் கடையை விட்டு வெளியே வருகிறது. சர்வீஸ் ரோட்டில் மெதுவாக உருட்டிக்கொண்டே போகிறது. டீக்கடை வாசலில் நிற்கிறது. திரும்பி வருகிறது. மொத்தம் 4 கிலோமீட்டர், மீட்டரிலும் அதே கணக்கு. ஓட்டுகிற பையன் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது: “அண்ணே, ரிங் ரோடு போயிடவா?” பதில்: “ட்ராக் கஸ்டமர்தானடா. அங்க போய் நாலு அமுக்கு அமுக்குனா தானா செட் ஆயிடும். வண்டிய உள்ள விடு.”

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவன் கேட்டான். கேட்டவனை வேண்டாம் என்று தடுத்தவர்கள்தான் என்னிடம் 2,500 ரூபாய் வாங்கினார்கள்.

கடைக்குப் போனேன். வீடியோவைக் காட்டும் முன்பு ஓனர் பேச்சு ஒன்று: “ட்ராக்குல பேட் ஃபேட் ஆகுறது சகஜம் சார், நீங்க புதுசு, பிரேக்கைப் போட்டு அமுக்கியே வச்சிருப்பீங்க.” காட்டிய பிறகு பேச்சு வேறு: “2,500 ரூபாய்க்கு ஏன் சார் இவ்ளோ பெருசு பண்றீங்க?” அதோடு விடவில்லை. ட்ராக்கிலிருந்து திரும்பி வரும் வழியில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறியது என்று சொன்னேன். “டிஸ்க் வளைஞ்சிருக்கு, ரெண்டும் புதுசு போட்டுடலாம், 9,000 ஆகும்” என்றார். வேறொரு மெக்கானிக்கிடம் டயல் கேஜ் (டிஸ்க் சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தேன். 0.04 மில்லிமீட்டர்தான் ஆட்டம். அது ஒன்றுமே இல்லை. இது அடிக்கடி நடப்பது: படலம் திட்டுத்திட்டாகப் படிந்தாலும் ஸ்டீயரிங் உதறும், அதை டிஸ்க் வளைந்ததாகச் சொல்லிப் புது டிஸ்க் விற்பார்கள். டயல் கேஜ் வைத்துக் காட்டாமல் டிஸ்க் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இறுகிப்போன அந்தப் பேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மேல்தோலைத் தேய்த்துவிட்டுத் திரும்பப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஒருமுறை என்னைக் கைவிட்ட பேட்டை நம்பி மறுபடி 140-ல் போக மனசு வரவில்லை. வேறு செட் வாங்கி, நானே பக்கத்தில் நின்று டிஸ்க்கைத் தேய்க்கச் சொல்லி, ஆயிலை நான்கு வீலிலும் புது நிறம் வரும் வரை வடித்து மாற்றினோம். பேட்டை ட்ராக்கிலேயே செட் செய்தேன். ரோட்டில் 100-லிருந்து திடீர் திடீரென்று வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருகிற பைக்காரர் என்ன ஆவார்? விடியக்காலையானாலும் ரிங் ரோட்டில் லாரி வரும். அந்தக் கடைக்காரர் சொன்னபடி செய்திருந்தால்கூட அது தப்பான இடம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஏற்பாட்டாளரிடம் முன்பே சொல்லி, செஷனின் கடைசி ஆளாக இறங்கினேன். முதலில் 80-லிருந்து 40-க்கு ஆறேழு முறை, மிதமாக. இடையிடையே கொஞ்ச தூரம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டினேன். அடுத்து 110-லிருந்து 50-க்கு, ஏபிஎஸ் (வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்ய ஆரம்பிக்காத அளவுக்குப் பலமாக. ஒருமுறைகூட முழுசாக நிறுத்தவில்லை. ஐந்தாவது தடவையில் வார்னிஷ் கருகுகிற மாதிரி வாசனை உள்ளே வந்தது. பிடிப்பு லேசாகக் குறைவது காலுக்கே தெரிந்தது. அதற்கு மேல் அமுக்கவில்லை. இரண்டு சுற்று பிரேக்கே தொடாத மாதிரி மெதுவாக ஓட்டி ஆறவிட்டு, பேடாக்கில் கியரில் போட்டு, டயருக்குக் கல் வைத்து, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றால் பேட்டின் அச்சு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் உதறல்தான். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் டிஸ்க் முழுக்க ஒரே மாதிரி நீலம் கலந்த சாம்பல் நிறம், ஒரு திட்டு இல்லை. மதியம் அதே வளைவில் மிதித்தபோது சீட் பெல்ட் நெஞ்சை அழுத்தியது.

இந்த வேகக் கணக்கு நான் போட்ட பேட்டுக்கு. ஒவ்வொரு பேட்டுக்கும் அதைச் செய்தவர்கள் ஒரு முறை சொல்லியிருப்பார்கள், பெட்டிக்குள் தாள் இருக்கும். அந்தப் பெட்டியும் தாளும் எனக்குக் கடையில் கொடுக்கப்படவே இல்லை, நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குங்கள். கார் விடும்போது மீட்டரைப் போட்டோ எடுங்கள். யாராவது செட் செய்து தருகிறேன் என்றால் கூடவே உட்கார்ந்து போங்கள், வேண்டாம் என்றால் அந்த வரியைப் பில்லிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். “இது ஏற்கனவே செட் பண்ணின பேட்” என்று விற்பதும் உண்டு. பேக்டரியிலேயே சூடேற்றிய பேட் உண்மையில் இருக்கிறது, ரெசின் தொல்லை அதில் குறைவு. ஆனால் உங்கள் டிஸ்க்கில் படலம் படிய வேண்டிய வேலை அப்போதும் பாக்கிதான்.

பெட்டிங்குக்கு வாங்கிய 2,500-ஐ மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பேட், டிஸ்க் வேலை, ஆயில், பம்பர் எதற்கும் பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்து, பில், மீட்டர் போட்டோ, டேஷ்கேம் வீடியோ எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்குள் கொடுத்து வாங்கிய சேவைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி “ட்ராக் பெட்டிங்” என்று பணம் கட்டியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அடுத்த முறை ட்ராக்கில் இறங்கும் முன் வீலைக் கழற்றி பேட்டின் ஓரத்தை ஒருமுறை பாருங்கள். பூச்சு அப்படியே இருந்தால் பில்லோடு எனக்கு எழுதுங்கள்.