1050 டிஐ என்று விற்ற கார்டுக்குள் 2011 சில்லு: பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு போச்சு

முதல் தடவையாக வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறவர்கள், அதிலும் எண்ணி வைத்த பணத்தில் பாகம் பாகமாக வாங்குகிறவர்கள், இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். போலி கிராபிக்ஸ் கார்டு ஒன்றில் என் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. திரும்பி வரும் வழி எதுவும் தெரியவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. ஆயிரம் விற்பனையாளர்கள் ஒரே தளத்தில் கடை விரிக்கும் பெரிய ஆன்லைன் சந்தை. அதில் நல்ல நட்சத்திர மதிப்பீடு வாங்கிய ஒரு விற்பனையாளர். இந்த வகைத் தளம் எங்கேயும் இருக்கிறது, இந்த வகை ஆளும் இருக்கிறார்.

போட்ட பட்டியல் இதுதான்: ஐ3-12100எஃப் பிராசஸர், எச்610 மதர்போர்டு, டிடிஆர்4 ராம் 8 ஜிபி இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, நல்ல கம்பெனி 450 வாட் பவர் சப்ளை, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. 1050 டிஐ பழசுதான், 2016-இல் வந்தது. ஆனால் பட்ஜெட் அசெம்பிளிக்கு அதில் ஒரு வசதி உண்டு. மொத்தமே 75 வாட்தான் இழுக்கும். போர்டின் ஸ்லாட்டே அவ்வளவு மின்சாரம் கொடுத்துவிடும் என்பதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிள் வேண்டாம், சின்ன பவர் சப்ளை போதும். பட்ஜெட் பார்ட்டிகள் எல்லாரும் தேடுகிற பெயர் அது. எந்தப் பெயரைத் தேடுகிறார்களோ அந்தப் பெயரில்தானே போலியும் வரும்.

'பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக்' என்று விற்பனையாளர் போட்டிருந்தார். வாங்குவதற்கு முன் ஜிபியு-இசட் (கார்டின் விவரங்களைக் காட்டும் மென்பொருள்) படம் ஒன்று அனுப்பச் சொல்லிக் கேட்டதற்கு, உடனே ஒரு வீடியோ வந்தது. ஃபேன் சுற்றுகிறது, விண்டோஸ் ஓடுகிறது, டிவைஸ் மேனேஜரைத் திறந்து பெயரைப் பெரிதாக்கிக் காட்டுகிறார்: என்விடியா ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "சார், ஏழு நாள் ரிட்டர்ன் இருக்கு சார். பிடிக்கலைன்னா திருப்பி அனுப்புங்க. இதுல பயப்பட என்ன சார் இருக்கு?" அந்த ஏழு நாள் என்ற பேச்சுக்குத்தான் பணம் போனது. கேட்டது ஜிபியு-இசட், வந்தது டிவைஸ் மேனேஜர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த மோசடியே.

டிவைஸ் மேனேஜர் காட்டும் பெயர் கார்டு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை வைத்து வருவது. ஒவ்வொரு கார்டிலும் ஒரு சின்ன பயாஸ் சில்லு இருக்கும். இன்ன கார்டு, இவ்வளவு மெமரி, இவ்வளவு வேகம் என்று அதில் எழுதியிருக்கும். அதை அழித்து வேறு எழுத பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. பத்து வருடத்துக்கும் மேல் பழைய ஜிடிஎஸ் 450 கார்டிலும் ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டிலும் 1050 டிஐ என்று எழுதி, மேலே புது ஃபேன் மாட்டி, புதுப் பெட்டியில் போட்டு விற்பது பழைய தொழில். ஜிபியு-இசட் அப்படி இல்லை. பெயரை மட்டும் நம்பாமல் சில்லு நிஜத்தில் எது என்று பார்க்கும். பொய் என்று தெரிந்தால் பெயருக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் 'ஃபேக்' என்று போட்டுவிடும். 2018-லிருந்தே இந்த வசதி உண்டு. இலவசம். இன்ஸ்டால்கூட வேண்டாம்.

இனி பெட்டி வந்தபிறகு நடந்தது.

பவர் கொடுத்ததும் முதலில் போர்டே காட்டிக்கொடுத்தது. இந்தக் கார்டில் ஜிஓபி ஆதரவு இல்லை, அதனால் சிஎஸ்எம் (பழைய பூட் முறை) அமைப்பை மாற்றுகிறேன் என்று ஒரு செய்தி. முதல் அசெம்பிளி செய்கிறவர் இதைப் பார்த்தால் ஏதோ செட்டிங் என்று என்டர் தட்டிவிட்டுப் போவார். அதற்கு அர்த்தம் இது: இன்றைய போர்டுகள் யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகின்றன. அந்த முறையில் திரையில் படம் காட்ட, கார்டின் பயாஸில் ஜிஓபி என்ற பகுதி வேண்டும். 2011 காலத்துக் கார்டுகளில் அது பொதுவாக இருக்காது. நிஜமான 1050 டிஐயில் இருக்கும். ஆக, விண்டோஸ் போடுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிற விஷயம் இது. சில போர்டுகள் இப்படிச் சொல்லாமல் விஜிஏ என்ற சின்ன விளக்கை மட்டும் எரியவிட்டு, கறுப்புத் திரையோடு நின்றுவிடும்.

பெட்டிக்குள் ஒரு சிடி, கூடவே ஒரு துண்டுச்சீட்டு: "இந்த டிரைவரை மட்டும் பயன்படுத்தவும். அப்டேட் செய்ய வேண்டாம்." சிடி டிரைவே இல்லாத கேபினெட்டுகள் விற்கிற காலத்தில் சிடி! அதைத் தொடவில்லை. என்விடியாவின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கிப் போட்டதும் திரை கறுத்தது. ரீஸ்டார்ட் ஆனபின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 43, அதாவது கார்டு ஓடவில்லை என்ற பிழைச் செய்தி. காரணம் எளிது. அந்தப் பழைய ஃபெர்மி வகைச் சில்லுகளுக்கு என்விடியா 2018-லேயே புது டிரைவர் தருவதை நிறுத்திவிட்டது. 1050 டிஐ என்று நம்பி ஏறிய டிரைவர் உள்ளே வேறு ஆளைப் பார்த்தால் ஓடாது. சீட்டில் ஏன் 'அப்டேட் செய்ய வேண்டாம்' என்று எழுதியிருந்தது என்பது அப்போது விளங்கியது.

ஜிபியு-இசட் திறந்தால் பெயருக்கு முன்னால் அந்த 'ஃபேக்'. சில்லு ஜிஎஃப்116, 40 நானோமீட்டர். ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் அலகு) எண்ணிக்கை 192. நிஜமான 1050 டிஐ என்றால் ஜிபி107, 14 நானோமீட்டர், 768 ஷேடர். நாலில் ஒரு பங்கு வேகம் என்றுகூட ஒப்பிட முடியாது, ஏனென்றால் இடையில் பல தலைமுறை ஓடிவிட்டது. கீழே வல்கன் (புதிய கேம்கள் பயன்படுத்தும் கிராபிக்ஸ் முறை) கட்டத்தில் டிக் இல்லை. ஃபெர்மிக்கு வல்கன் கிடையவே கிடையாது. மெமரி மட்டும் 4096 எம்பி என்று கம்பீரமாக நின்றது. அதுவும் பயாஸில் எழுதின பொய். பெஞ்ச்மார்க் ஓட்டினால் 1 ஜிபியைத் தாண்டும் இடத்தில் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக நிறம் சிதறி உறைந்தது. இல்லாத மெமரியில் எழுதப் போனால் வேறென்ன ஆகும்?

இதையெல்லாம் படம் பிடித்து விற்பனையாளருக்கு அனுப்பினேன். வந்த பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு ரகம்.

முதலில், "பயாஸ்ல சிஎஸ்எம் ஆன் பண்ணுங்க சார், எல்லாம் வரும்." நிஜமான கார்டுக்கு சிஎஸ்எம் தேவையே இல்லை என்று சொன்னதும், "விண்டோஸ் மாத்திப் போடுங்க சார், உங்க காப்பி சரியில்ல." அதற்கும் பதில் கொடுத்தபிறகு, "உங்க பவர் சப்ளை பத்தல சார்." கணக்கைக் கேளுங்கள்: 12100எஃப் அதிகபட்சமாக இழுப்பது 89 வாட். 1050 டிஐ 75 வாட். இரண்டும் சேர்ந்து 164. பவர் சப்ளை 450. இது எப்படிப் பத்தாமல் போகும்? அதற்கு மேல் அவர் தொழில்நுட்பம் பேசவில்லை. "நெட்ல இறக்கின சாஃப்ட்வேர் எதையாவது காட்டும் சார், அதெல்லாம் நம்பாதீங்க" என்றார். பிறகு பதிலே இல்லை.

தளத்தின் வாடிக்கையாளர் சேவை இதைவிட மோசம். ஆதாரமாக ஸ்க்ரீன்ஷாட் கேட்டார்கள். ஜிபியு-இசட் படத்தையும் டிவைஸ் மேனேஜர் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். பதில்: படத்தில் தெரியும் பெயரும் விற்பனைப் பக்கத்தில் உள்ள பெயரும் ஒன்றாகவே இருக்கின்றன, பொருள் விளக்கத்துடன் பொருந்துகிறது, புகார் முடித்துவைக்கப்பட்டது. போலிப் பெயரை எழுதி ஒட்டினது விற்பவர். அந்தப் போலிப் பெயரையே சாட்சியாக வைத்து அவரை விடுவித்தது தளம். மறுபடி திறந்தால், கார்டு கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலிருந்து கடிதம் வேண்டுமாம். பெட்டியில் அச்சிட்ட கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் எங்கேயும் இல்லை. இல்லாத இடத்திலிருந்து கடிதம் கொண்டுவரச் சொல்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குப் பணம் அந்தக் கடிதத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

ரிட்டர்ன் கெடுவும் முடிந்தது என்றார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அசெம்பிள் பண்ணுகிற எல்லாருக்கும் இது பொருந்தும். கெடு ஓடத் தொடங்குவது பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து. பவர் பட்டனை அழுத்தின நாளிலிருந்து இல்லை. பட்ஜெட் ஆட்கள் ஆஃபர் பார்த்து ஒவ்வொன்றாக வாங்குவார்கள். கார்டு முதலில் வந்துவிடும், பவர் சப்ளை கடைசியில் வரும். பவர் சப்ளை வராமல் எதையும் சோதிக்க முடியாது. 'எஃப்' என்று முடியும் பிராசஸரில் உள் கிராபிக்ஸ் கிடையாது என்பதால், கார்டைத் திருப்பி அனுப்பினால் கம்ப்யூட்டரில் திரையே வராது. விற்பவருக்கு இந்த அவஸ்தை நன்றாகத் தெரியும். நாளைக் கடத்திக் கடத்தி "சிஎஸ்எம் பாருங்க, விண்டோஸ் பாருங்க" என்று சொல்வதெல்லாம் அந்தக் கெடுவைக் கரைக்கத்தான்.

புகாரை மூடினபிறகு ஹீட்சிங்கைக் கழற்றினேன், இனி வாரண்டி ஸ்டிக்கரைக் காப்பாற்றி என்ன பயன்? ஃபேன் மையத்தில் புது ஸ்டிக்கர், அதன் அடியில் பழைய ஸ்டிக்கரின் பசை. அலுமினியத் தகடுகளின் உள்பக்கம் கறுத்த தூசி. சில்லின் மேல் கல்லாகக் காய்ந்த பேஸ்டைத் துடைத்தால் ஜிஎஃப்116 என்ற எழுத்து, அதன் மேல் வரியில் 11 என்று தொடங்கும் நாலு இலக்கத் தேதிக் குறியீடு. முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு வாரம். 2016-இல் பிறந்த கார்டுக்குள் 2011-இல் செய்த சில்லு. இதற்குத்தான் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு.

பாகங்கள் தேர்ந்தெடுப்பது பற்றி முழுசாக எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சிலது மட்டும்.

கார்டு விற்பவரிடம் ஜிபியு-இசட் படம் கேளுங்கள், அதில் ஷேடர் எண்ணிக்கையைக் கம்பெனி சொல்வதோடு ஒப்பிடுங்கள். டிவைஸ் மேனேஜர் படம் அனுப்பினால் அங்கேயே விட்டுவிடுங்கள். 1050 டிஐ என்று சொல்லி நீல நிற விஜிஏ சாக்கெட் இருந்தால் கையை எடுங்கள். அந்தச் சில்லில் அனலாக் வெளியீடே இல்லை. ஆர்எக்ஸ் 580 என்றால் 2304 ஷேடர் இருக்கிறதா பாருங்கள், 2048 என்றால் அது கிட்டத்தட்ட 570தான். ஜிடி 1030-இல் டிடிஆர்4 மாடலைத் தொடாதீர்கள், பெயர் ஒன்றுதான், மெமரி வேகம் ஜிடிடிஆர்5 மாடலில் பாதிகூட இல்லை.

வெறும் 'ஐ7' என்று போட்டிருந்தால் முழு எண்ணைக் கேளுங்கள். ஐ7-2600ம் ஐ7தான், 2011-இல் வந்தது, டிடிஆர்3 ராம், விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் இல்லை.

பவர் சப்ளையில் பெரிய எழுத்து வாட்டை நம்பாதீர்கள். லேபிளில் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 450 வாட் என்று போட்டு 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் இருந்தால் பிராசஸருக்கும் கார்டுக்கும் கிடைப்பது 192 வாட்தான்.

எஸ்எஸ்டி வந்ததும், விண்டோஸ் போடுவதற்கு முன், வேறொரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டி எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளால் முழுசாக எழுதிப் படித்துப் பாருங்கள். கொள்ளளவிலும் இதே மாதிரி பொய் எழுதும் வேலை நடக்கிறது.

எல்லாப் பாகமும் ஒரே வாரத்தில் வருகிற மாதிரி ஆர்டர் போடுங்கள். முடியாவிட்டால் பவர் சப்ளையும் போர்டும் முதலில், கார்டு கடைசியில். பெட்டி பிரிப்பதை வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள், பெட்டியின் சீரியல் எண்ணும் கார்டின் சீரியல் எண்ணும் அதில் தெரிய வேண்டும். புகார் முடியும்வரை ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். ஆதாரமாக டிவைஸ் மேனேஜர் படத்தை அனுப்பவே அனுப்பாதீர்கள், ஜிபியு-இசட் மட்டும். பெட்டி, சீட்டு, சிடி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள், ரிட்டர்னுக்குக் கேட்பார்கள். அந்தச் சிடியில் என்ன டிரைவர் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதைக் கம்ப்யூட்டரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.