மலாக்கா போர்த்துகீசியர் நடைச்சுற்றுலா: போய் வந்த அனுபவம்

போன மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு கிள்ளானிலிருந்து மலாக்காவுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு வழிகாட்டி காலையில் 3 மணி நேரம் நடந்தே கூட்டிப்போய் போர்த்துகீசியர் காலத்தைக் காட்டுகிறார். தமிழர்தான், கேட்டால் தமிழிலேயே நடத்துகிறார். தலைக்கு 80 ரிங்கிட். குறைகளும் உண்டு, அவற்றைப் பிறகு சொல்கிறேன், ஆனால் பழைய கடல் வணிகத்தில் கொஞ்சமாவது ஆர்வம் இருந்தால் தயங்காமல் போகலாம்.

ஆற்றங்கரையில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "பத்திரமா வச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னார். பத்து நிமிடம் கழித்து பாலத்தருகே நின்று எல்லோரிடமும் அதைக் கேட்டார். ஒரு பெரியவர் தாளைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் கையிலிருந்த குடையை வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இதுதாங்க ஐயா கர்தாஸ்" என்றார் வழிகாட்டி. கர்தாஸ் என்பது போர்த்துகீசியர் கொடுத்த கடல் அனுமதிச் சீட்டு. கப்பல் யாருடையது, எவ்வளவு பெரியது, என்ன ஆயுதம் இருக்கிறது, எங்கே போகிறது என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும், அவர்களுடைய கோட்டைத் துறையில் நின்று சுங்கமும் கட்டியாக வேண்டும், சீட்டு இல்லாத கப்பல் சரக்கோடு பறிபோகும். துறைமுகத்தில் சுங்கம் கட்டுவது நம் வணிகர்களுக்குப் பழகிய விஷயம்தான். நடுக்கடலில் போவதற்கே ஒருவனிடம் சீட்டு வாங்க வேண்டும் என்பதுதான் புதிது. நான் பள்ளியில் படித்த எந்தப் பாடமும் இதை இவ்வளவு தெளிவாக எனக்குப் புரியவைத்ததில்லை.

அப்புறம் ஏ ஃபமோசா கோட்டையில் மிஞ்சியிருக்கும் அந்த ஒற்றை வாசல். எல்லோரும் படம் எடுத்துவிட்டு நகர்கிற இடத்தில் இவர் அரை மணி நேரம் நிறுத்தினார். கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், செம்பூரான் கல், விரல் நுனி நுழையும் அளவுக்குக் குழி குழியாக இருக்கிறது. 1511 ஆகஸ்டில் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் ஊரைப் பிடித்ததும் பள்ளிவாசல், சுல்தான்களின் கல்லறைகள் ஆகியவற்றின் கற்களையும் எடுத்துத்தான் கோட்டை எழுப்பினார்களாம். மேலே நிமிர்ந்து பார்த்தால் 1670 என்று ஆண்டு செதுக்கியிருக்கிறது, அது டச்சுக்காரர்கள் வேலை. 1641-இல் ஊரைப் பிடித்தவர்கள் வாசலிலும் தங்கள் முத்திரையைப் போட்டுவிட்டார்கள். "கடல் எங்கே?" என்று கேட்டார். எதிரே கடைத்தொகுதிதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த வாசலுக்குப் பக்கத்திலேயே அலையடித்திருக்கிறது, மண் கொட்டி நிரப்பிய பிறகுதான் கடல் தள்ளிப் போனது.

அங்கே அவர் சொன்ன ஒரு விஷயத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது. போர்த்துகீசியர் ஊரைப் பிடித்தார்கள், ஊரைத் தேடி வந்த வணிகத்தை அவர்களால் பிடித்து வைக்க முடியவில்லை. முஸ்லிம் வணிகர்கள் சுமத்ராவின் அச்சே, ஜொகூர், ஜாவாவின் பந்தேன் என்று வேறு துறைகளுக்குப் போய்விட்டார்கள். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் அச்சேவிலிருந்து மிளகு நேராகச் செங்கடலுக்குப் போய், அங்கிருந்து மறுபடியும் வெனிஸ் சேர்ந்திருக்கிறது. எந்த வழியை அடைக்க இவ்வளவு தூரம் வந்தார்களோ அதே வழி! போதாக்குறைக்கு அச்சே படை மலாக்காவைத் திரும்பத் திரும்ப முற்றுகையிட்டது.

நம்மவர் பக்கமும் வருகிறது. பண்டா, மலுக்கு தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கத் துணி வேண்டும், அந்தத் துணி பழவேற்காடு மாதிரி சோழமண்டலக் கரைத் துறைகளிலிருந்து வந்தது. அதனால் தமிழ் வணிகர்கள் இல்லாமல் போர்த்துகீசியரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. போர்த்துகீசியர் ஏடுகளில் நினா சட்டு என்று எழுதப்பட்டிருக்கும் வணிகர், 1509-இல் இங்கே சிறைப்பட்ட போர்த்துகீசியருக்கு உதவியவர், ஊர் கைமாறியதும் பெண்டஹாரா என்ற உயர்பதவிக்கு வந்தார், போர்த்துகீசிய அரசோடு பங்கு சேர்ந்து பர்மாவின் பெகுவுக்குச் சரக்கு அனுப்பினார். 1514-இல் அந்தப் பதவியைப் பிடுங்கிச் சுமத்ராவின் கம்பார் அரசருக்குக் கொடுத்தபோது, அவமானம் தாங்காமல் சிதை அடுக்கித் தீயில் இறங்கிவிட்டார் என்று பதிவு இருக்கிறது. இதை வழிகாட்டி இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டார். அப்பா மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

என் முதல் குறை இதுதான், இந்தக் கதைக்கு இன்னும் நேரம் கொடுக்க வேண்டும். அடுத்தது கூட்டம். அன்றைக்கு 22 பேர் இருந்தோம், ஒலிபெருக்கி கிடையாது, பின்னால் நின்றவர்களுக்குப் பாதி கேட்கவில்லை. அப்புறம், 1511-இல் சுமத்ரா கரையோரம் மூழ்கிய ஃப்ளோர் டி லா மார் என்ற போர்த்துகீசியக் கப்பலில் இத்தனை டன் தங்கம் இருந்தது என்று நிறுத்துப் பார்த்தவர் போலச் சொன்னார். மற்ற எல்லாவற்றையும் அவ்வளவு கவனமாகச் சொல்கிறவர் இதில் மட்டும் ஊர்க்கதையை வரலாறாகச் சொல்ல வேண்டியதில்லை.

செயின்ட் பால் குன்றில் வேகமாக ஏறி இறங்கினோம். 1553-இல் சவேரியார் உடல் கோவாவுக்குப் போகும் முன் சில மாதம் புதைக்கப்பட்டிருந்த குழியைப் பார்த்ததோடு சரி.

போகிறவர்கள் காலை 8.30 நடைக்கே பதிவு செய்யுங்கள், 10 மணிக்கு மேல் குன்றில் வெயில் தாங்காது. வயதானவர்கள் இருந்தால் படிகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நின்று நிதானமாகக் கூட்டிப்போகிறார். மலாக்காச் செட்டிகளின் கிராமமான செட்டி கம்பம் இந்தச் சுற்றில் இல்லை, முடிந்ததும் நீங்களாகவே ஒரு வண்டி பிடித்துப் போய் வாருங்கள்.