தமுக்கத்தில் வாங்கிய குடியேற்றப் பெட்டி: 585 ரூபாய்க்குத் தேறுமா?

போன புத்தகத் திருவிழாவில், தமுக்கம் மைதானத்தில், மகள் கீழே வைக்க மாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்ட பெட்டி இது. அமெரிக்காவில் ஆங்கிலேயர் முதன்முதலில் குடியேறிய ஊர்களில் ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் சின்னப் புத்தகம், கூடவே பட அட்டைகள், வெட்டி ஒட்ட ஒரு காகித ஊர், மெழுகுவத்தி செய்ய மெழுகும் திரியும். விலை 650, கழிவு போக 585. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று முனகிக்கொண்டேதான் பணத்தை எடுத்தேன்.

முனகியது தப்பு. சாப்பாட்டுப் பகுதி ஒன்றுக்கே பாதிக் காசு சரியாகிவிட்டது. அப்படிக் குடியேறிய ஊர்களில் ஒன்றான பிளைமவுத்தில் முள்கரண்டி கிடையாது, கத்தி, கரண்டி, மீதிக்கு விரல்தான், மடியில் பெரிய துணி. "வெள்ளைக்காரங்களும் கையாலதான் சாப்பிட்டாங்களாப்பா?" என்று மகள் நாலு தடவை கேட்டாள். பெரியவர்கள் உட்கார்ந்து சாப்பிட, பிள்ளைகள் பல வீடுகளில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள், ஒரு மரத்தட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டார்கள் என்றதும், தம்பியோடு ஒரே தட்டில் சாப்பிடச் சொல்லிவிடுவேனோ என்று அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த என் அம்மா, மரத்தைக் குடைந்து செய்த உரலில் மக்காச்சோளம் இடிக்கும் அட்டையைப் பார்த்துவிட்டு, "ஏ ஆத்தா, இது நம்ம உரலுதான, உலக்கைக்குப் பூண்தான் இல்ல" என்று உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அரை மணி நேரம் புத்தகத்தை யாரும் திறக்கவில்லை, அப்பத்தாதான் பேசினார். பெட்டி செய்தவர்களுக்கு இதில் பங்கு உண்டா என்று தெரியவில்லை, கொடுத்துவிடுகிறேன்.

மெழுகுவத்திக்குப் பொறுமை வேண்டும். உருகிய மெழுகில் திரியை முக்கி எடுத்து, ஆறவிட்டு, மறுபடி முக்க வேண்டும். நம்ம ஊர் வெக்கையில் அது ஆறவே மாட்டேன் என்கிறது. மத்தியானம் ஆரம்பித்ததை விட்டுவிட்டு ராத்திரி செய்தோம். விரல் கனம் வர இருபது முக்கலுக்கு மேல் ஆனது. அடுப்புப் பக்கம் பெரியவர்கள் நின்றே ஆக வேண்டும், பெட்டியில் அந்த எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கிறது.

இனி குறைகள். மொழிபெயர்த்தவர் புத்தகம் முழுக்கச் 'சோளம்' என்றே எழுதியிருக்கிறார், படத்தில் இருப்பது மக்காச்சோளம். உசிலம்பட்டிப் பக்கம் சோளம் என்றால் சோளச்சோறு ஆக்குகிற சோளம், அது வேறு பயிர். குழியில் மீனைப் போட்டு மக்காச்சோளம் விதைக்க, அந்த மண்ணின் பூர்வகுடியான டிஸ்குவான்டம் பிளைமவுத்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கதை பெட்டியிலேயே நல்ல கதை, அதில் போய் இப்படி.

இன்னொரு குடியேற்ற ஊர் ஜேம்ஸ்டவுன். 'ஜேம்ஸ்டவுன், 1607' என்று போட்ட அட்டையில் ஓர் அம்மா குழந்தையோடு அடுப்பு மூட்டுகிறார். அந்த வருடம் அங்கே இறங்கியது சுமார் 104 ஆண்களும் பையன்களும் மட்டும். முதல் இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் வந்தது 1608இல். 1609-10 குளிர்காலத்தில் பட்டினியும் நோயும் போக அறுபது பேர் அளவில்தான் மிஞ்சினார்கள். புத்தகம் அதை 'சற்றுச் சிரமப்பட்டனர்' என்று தாண்டிப் போகிறது. 1619இல் ஆப்பிரிக்கர்களைப் பிடித்துக் கொண்டுவந்து விற்றது 'வேலைக்கு ஆட்கள் வந்தனர்' ஆகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லலாம், தாங்கும். என் மகள் கேட்ட அடுத்த கேள்வியே "அவங்க யார் நிலத்துல வீடு கட்டினாங்க?" என்பதுதான், பதிலுக்கு ஒரு அட்டை இல்லை.

தமிழில் விற்கிற பெட்டி, சென்னையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதே காலத்தில்தான், 1640இல், புனித ஜார்ஜ் கோட்டை எழும்பியது. அமெரிக்காவில், பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை அங்கே கவர்னர். பின்னால் அவர் கொடுத்த சரக்கை விற்ற காசுக்காகத்தான் 1718இல் கனெக்டிகட் கல்லூரி ஒன்றுக்கு யேல் என்று பெயர் வைத்தார்கள். இதற்கு ஒரு அட்டை போட எவ்வளவு செலவாகும்?

பேனாவை எடுத்து 'மக்கா' என்று எல்லாப் பக்கத்திலும் சேர்த்து எழுதிவிட்டேன். காகித ஊரோடு வந்த பசை மட்டம், மூன்றாம் நாளே வீட்டுக் கூரைகள் கழன்று வந்தன. அம்மா சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினார், இன்னும் நிற்கிறது.