முன்பு வந்தவர்கள் எல்லாரும் திருடர்கள் என்று சொல்லும் வீடு

புல்தரை பராமரிப்பு வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வீட்டில் ஏறக்குறைய ஒரு பருவம் முழுக்க வேலை செய்துவிட்டு, கடைசி மூன்று வெட்டுக்கான கூலியையும் புல்வெட்டும் இயந்திரத்தின் ஒரு பிளேடையும் பறிகொடுத்து வெளியே வந்திருக்கிறேன். கூலி போனது கூடப் பெரிதில்லை. என்மேல் போட்ட பழிதான் இன்னும் உறுத்துகிறது.

முதல் நாள் பேச்சிலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். "இதற்கு முன் வந்த மூன்று பேருமே திருடர்கள்" என்றார் வீட்டுக்காரர். நாம் அப்படி இல்லை என்று காட்டிவிடுவோம் என்ற வீறாப்பில் தலையாட்டினேன். மூன்று பேர் ஏன் வேலையை விட்டு நின்றுகொண்டார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

வாரம் ஒரு வெட்டு என்றுதான் பேச்சு. இரண்டாம் மாதமே ஆரம்பித்தது. நான் வாசலில் வண்டியை நிறுத்தி இயந்திரத்தை இறக்கும்போது, "புல் இன்னும் வளரவே இல்லை, இந்த வாரம் வேண்டாம்" என்று தகவல் வரும். வந்து போன எரிபொருளுக்கும் வீணான ஒரு மணி நேரத்துக்கும் கணக்கு கிடையாது. இப்படியே வார வேலை பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றானது. கூலி மட்டும் ஒரு வெட்டுக்கு உள்ளதுதான்.

வளரும் பருவத்தில் ஒரு வாரத்தைத் தள்ளினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. 6 செ.மீ. உயரத்தில் வைத்திருக்க வேண்டிய புல்லை 9 செ.மீ. தொடும்போது வெட்டிவிட வேண்டும். 14 செ.மீ. வளரவிட்டு ஒரேயடியாக 6 செ.மீ.க்கு இறக்கினால் பச்சை இலை அத்தனையும் போய், அடியில் வெளுத்த தண்டுதான் மிஞ்சும். வெட்டிய புல் இயந்திரத்தின் அடியில் அடைத்துக்கொள்ளும், தரையில் கட்டிகட்டியாகக் கிடக்கும். இன்னொரு சுற்று ஓட்டிப் பிறகு வாரவும் வேண்டும். இதற்கெல்லாம் மேலே, "இன்னும் ஒட்ட வெட்டுங்கள், அடுத்த வாரம் நீங்கள் வர வேண்டியிருக்காது" என்பார். இலை குறைந்தால் வேரும் குறையும், மண்ணில் வெயில் பட்டால் களைதான் முதலில் எழும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒட்ட வெட்டிக் கொடுத்தேன். அது என் தவறு, மறுக்கவில்லை.

அவரிடம் ஒரு நாய் உண்டு. அதன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் வேலிக்கு அருகில் அது விட்டுச்சென்றதை யாரும் அள்ளுவதில்லை. ஓரத்துப் புல்லை வெட்டும் டிரிம்மரில் சுழலும் நரம்பு அதில் பட்டால் எங்கெல்லாம் தெறிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. என்னோடு வந்த பையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டான். அதே நாயைக் கட்ட அடித்திருந்த இரும்பு முளை, உயர்ந்த புல்லுக்குள் மறைந்து கிடந்தது. அதில் மோதி பிளேடு வளைந்தது. பிளேடைச் சுழற்றும் தண்டும் வளைந்திருக்குமோ என்று இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்ததில் ஒரு நாள் போனது. "ஓட்டுகிறவர் பார்த்து ஓட்ட வேண்டாமா?" என்று கேட்டார்.

பிறகு வெயில் காலம். ஒருநாள் அழைத்து, புல் கருகிவிட்டது, உங்கள் இயந்திரத்திலிருந்து பெட்ரோல் ஒழுகியிருக்கிறது, பணம் தர முடியாது என்றார். போய்ப் பார்த்தேன். பெட்ரோல் சிந்தினால் சிந்திய இடத்தில் திட்டாகக் கருகும். இங்கே கருகல் விசிறி விசிறியாக, ஓர் ஆள் எட்டெடுத்து நடந்தபடி வீசிய அளவுக்கு, வரிசையாக இருந்தது. குனிந்து புல்லை விலக்கினால் அடியில் வெள்ளைக் குருணை. யூரியா! அதில் 46 சதவீதம் நைட்ரஜன். காய்ந்த புல்லில் கைகொண்ட மட்டும் வீசிவிட்டுத் தண்ணீரும் பாய்ச்சாவிட்டால் கருகாமல் என்ன செய்யும்? குருணையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "அது வேறு" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

அன்றோடு நின்றுகொண்டேன். "வேலை கொடுத்தவரையே விட்டுவிட்டுப் போவீர்களா?" என்று உண்மையிலேயே வியந்து கேட்டார். பணம் தாமதமாவதால்தான் நாம் வாடிக்கையாளரை விடுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். தாமதமாகக் கொடுத்தாலும் நேர்மையாகக் கொடுப்பவர்களிடம் நான் ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறேன். சொன்னதைக் கேட்காமல் கெடுத்துவிட்டு, கெட்டதற்கு நம்மைக் கைகாட்டுபவர்களோடுதான் காலம் தள்ள முடிவதில்லை.

இப்போது புது வீடு என்றால், வாசலுக்கு வந்தபின் வேண்டாமென்றால் பாதிக் கூலி, ஒரு வாரம் தள்ளினால் அடுத்த வெட்டுக்கு ஒன்றரை மடங்கு, தரையில் கிடப்பதை அள்ளிவைப்பது அவர்கள் பொறுப்பு என்று எழுதி வாங்கிவிடுகிறேன். முதல் மாதக் கூலி முன்பணம். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னும் பின்னும் புகைப்படம். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

போன வாரம் ஒருவர் அழைத்தார். அந்த வீட்டில் புதிதாக வேலை எடுத்திருக்கிறாராம். முன்பு வந்த நான்கு பேருமே திருடர்கள் என்று கேள்விப்பட்டாராம். நான்காவது ஆள் நான்தான் என்று சொல்லிவிட்டு, அந்த இரும்பு முளை எங்கே இருக்கிறது என்று அடையாளம் சொன்னேன். "அதில் நேற்றே மோதிவிட்டேன்" என்றார்.