டெக்சாஸில் வான்கோழி வேட்டைக்கு ராஞ்ச் (பண்ணை நிலம்) வாடகைக்கு எடுக்கப் போறவங்க படிங்க: எங்க 3,400 டாலர் போச்சு

கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வார இறுதியில் டெக்சாஸ் ஹில் கன்ட்ரி பக்கம், லானோவுக்கும் மேசனுக்கும் நடுவில், குடும்பத்தோடும் நண்பர்களோடும் வான்கோழி வேட்டைக்குப் போனோம். 3,400 டாலரைத் தொலைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம். பணம் போனதுகூடப் பரவாயில்லை. என் பையன் உட்கார்ந்திருந்த மரத்தை நோக்கி முன்பின் தெரியாத ஒருத்தன் துப்பாக்கியோடு ஊர்ந்து வந்தான். அதை நினைத்தால்தான் தூக்கம் வர மாட்டேன் என்கிறது.

நம்மாளுக்கு எதுக்குய்யா வேட்டை என்று கேட்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஆபீஸ் நண்பர் ஒருவர் டெக்சாஸிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர்தான் என்னையும் என் மச்சினனையும் இதில் இழுத்துவிட்டார். பையனும் ஹண்டர் எஜுகேஷன் என்கிற வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்து கார்டு வாங்கிவிட்டான். மார்ச் கடைசியிலிருந்து மே நடுவரை அந்தப் பக்கம் வசந்தகால சீசன். ஆண் வான்கோழிகள் பெட்டையைத் தேடிக் கூவும் காலம். பெட்டை மாதிரி குரல் கொடுத்தால் அதுவே தேடி வரும். ஆனால் டெக்சாஸில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தனியார் நிலம். காசு கொடுக்காமல் நல்ல இடத்தில் கால் வைப்பது கஷ்டம்.

அப்படித் தேடும்போதுதான் இந்தத் தளம் கண்ணில் பட்டது. வேட்டை நிலங்களை வாடகைக்கு விடும் இணையதளம். பெயர் சொல்லப் போவதில்லை. லாட்ஜ் புக் பண்ணுகிற தளங்கள் மாதிரியே நட்சத்திரம், விமர்சனம் எல்லாம் உண்டு. 900 ஏக்கர், ஓடை, ஓடையோரம் பெக்கான் மரங்கள், தங்க ஒரு வீடு, ஒரு நேரத்தில் ஒரே குழு. மொத்தம் 3,400 டாலர். பாதி தளத்தில் கார்டில் கட்ட வேண்டும், மீதி பாதி நேராக உரிமையாளருக்கு. இது தளமே போட்ட விதி, குறித்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளரிடம் போனில் பேசினோம். வயசான குரல், அவசரமே இல்லாத பேச்சு. பசங்களுக்குத் தனியாகக் காசு வேண்டாம் என்றார். "உங்க குடும்பம் மட்டும்தான், வேற யாரும் இருக்க மாட்டாங்க" என்று அவராகவே சொன்னார். அப்புறம், "இருங்க, ஒண்ணு கேளுங்க" என்று போனை வெளியே நீட்டினார். சாயங்கால நேரம். களகளவென்று ஒரு கூவல், பின்னாலேயே இன்னொன்று. ஸ்பீக்கரில் கேட்ட என் பையன் குதித்தே விட்டான். மச்சினன், "மாமா, பணத்தை அனுப்பிடுங்க" என்றான். அந்தக் கூவலுக்குத்தான் 3,400 டாலர்! ஆண் வான்கோழி மாதிரியே சத்தம் போடும் குழல் வேட்டைச் சாமான் கடையில் கிடைக்கும் என்று நண்பர் திரும்பி வரும் வழியில் சொன்னார். அன்றைக்குக் கூவியது எது என்று அந்த மனிதருக்குத்தான் வெளிச்சம்.

அந்த உரிமையாளர் போனில் இன்னொன்றும் சொன்னார்: "என் நிலத்துல லைசென்ஸ் எல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க." கேட்டவுடன் நண்பர் முகம் மாறிவிட்டது. ஆளுக்கு ஒரு ஹண்டிங் லைசென்ஸும் அதற்கு மேல் பறவைக்கான ஏழு டாலர் முத்திரையும் வாங்க வைத்துத்தான் எங்களைக் காரில் ஏற்றினார். என் மச்சினன் எச்1பி வேலை விசாவில் இருக்கிறான். அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் எடுப்பது பொதுவாக ஃபெடரல் குற்றம். மாநிலம் கொடுத்த வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. அந்த ஆள் பேச்சை நம்பியிருந்தால் அவன் கதி?

போய்ச் சேர்ந்தபோது கேட்டுக்கு உள்ளே ஏற்கெனவே வேறு வண்டிகள். கேட்டதற்கு "அவங்க வேற பக்கம்" என்றார் உரிமையாளர். வீட்டில் குழாயைத் திறந்தால் துருத் தண்ணீர், சமையலறையில் எலிப் புழுக்கை. என் மனைவி பசங்களைக் காரிலேயே தூங்க வைத்தாள்.

விடிவதற்கு முன்னால் ஓடையோரம் போனோம். வான்கோழி ராத்திரி மரத்தில்தான் அடையும், வெளிச்சம் வந்ததும் இறங்கும். நண்பரும் பையனும் பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி. நண்பர் பெட்டிக் கருவியை உரசி பெட்டைக் குரல் கொடுத்தார். பதிலுக்குப் பின்பக்கப் புதரில் இன்னொரு பெட்டைக் குரல். பையன் கண்ணில் சந்தோஷம். மறுபடி உரசல், மறுபடி பதில், இன்னும் கிட்டத்தில். புதர் அசைந்தபோது தெரிந்தது துப்பாக்கிக் குழாய்.

நண்பர் கையை ஆட்டவில்லை. ஆட்டியிருந்தால் அதைப் பறவை என்று நினைத்தே சுட்டிருப்பான். "மனுஷங்க இருக்கோம்!" என்று ஒரே கத்தல். ஆண் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்தது. அதனால் அந்த நிறத்தில் கைக்குட்டைகூட எடுத்து வரக் கூடாது என்று வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். பாவம், அந்த ஆளும் வெலவெலத்துப் போய்விட்டான். அவனும் எங்களை மாதிரியே பணம் கட்டியவன். அவனுக்கும் "உங்க குழு மட்டும்தான்" என்றுதான் சொல்லியிருக்கிறார். நில எல்லை காட்டும் ஆப்பை அவன் திறந்து காட்டினான். 900 ஏக்கராம்! அந்த மனிதர் பெயரில் இருப்பது 110. மீதியெல்லாம் பக்கத்து நிலக்காரர்களுடையது. அங்கே கால் வைத்திருந்தால் அத்துமீறல் வழக்கு எங்கள் மேல்தான் விழுந்திருக்கும்.

அன்றைக்கே கிளம்பிவிட்டோம். பணத்தைக் கேட்டால் உரிமையாளர், "வேட்டைன்னா அப்படித்தான், வான்கோழி வரும்னு நான் கேரண்டியா கொடுக்க முடியும்?" என்கிறார். வான்கோழியையா கேட்டோம்? அதற்குப் பிறகு போன் நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது. தளத்தின் சாட்டில் முதல் ஆள் மிகவும் வருந்தினார். இரண்டாவது ஆள், கேட்டுக்குள் நுழைந்துவிட்டதால் "சேவை பெறப்பட்டது" என்றார். மூன்றாவது ஆள், பரப்பளவு விவரத்துக்கு உரிமையாளரே பொறுப்பு, நேரடியாகக் கட்டிய 1,700 தளத்தின் கணக்கில் வராது என்றார். நேரடியாகக் கட்டச் சொன்னதே நீங்கள்தானே என்று கேட்டேன். சாட்டை மூடிவிட்டார். நான் எழுதிய விமர்சனத்தையும் போடவில்லை. அங்கே எல்லாருக்கும் ஐந்து நட்சத்திரம் எப்படி வந்தது என்று இப்போது புரிகிறது. ஆக, 3,400 டாலரில் இதுவரை ஒரு சென்ட் திரும்பி வரவில்லை.

எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) நிலமதிப்பு அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் நிலம் யார் பெயரில், எத்தனை ஏக்கர் என்று இலவசமாகத் தெரியும், பாருங்கள். வேட்டைக்கு நிலம் விடுபவரிடம் ஹண்டிங் லீஸ் லைசென்ஸ் இருக்க வேண்டும், காட்டச் சொல்லுங்கள். "ஒரே குழு" என்பதை எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னது செல்லாது. விசாவில் இருப்பவர்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே தொடாதீர்கள்.

கார்டில் கட்டிய பாதிக்கு வங்கியில் புகார் கொடுத்தாகிவிட்டது. மீதிக்கு ஜஸ்டிஸ் கோர்ட், அதாவது சின்ன வழக்குகளுக்கான நீதிமன்றம். 20,000 டாலர் வரை அங்கே வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். புதரில் இருந்து வந்தவர் சாட்சி சொல்கிறேன் என்றிருக்கிறார். இந்த சீசனில் அதே பக்கம், 900 ஏக்கர், பெக்கான் மரம், ஒரே குழு என்று கேட்டுப் பணம் கட்டிய வேறு யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். ரசீதோடு.