கடலுக்கு முதுகு காட்டிய அறை: கன்னியாகுமரி லாட்ஜ்களில் என் 11 வருடம்

2016 மார்கழி. கன்னியாகுமரியில் 2,800 ரூபாய் வாடகைக்கு எடுத்த 'கடல் பார்த்த அறை'யின் சன்னலைத் திறக்கப் போனேன். கொக்கி கையோடு வந்துவிட்டது. துருவேறி, விரலில் பட்டதும் அப்பளம் போல உதிர்ந்தது. சன்னல் அசையவில்லை. கண்ணாடியில் உப்புப் படிந்து மோர் தெளித்தது போல இருந்தது. அதற்கு அப்பால் கடல் இருக்கிறது என்று நம்ப வேண்டியதுதான். பழைய நோட்டுகள் செல்லாமல் போயிருந்த நேரம் அது. ஏ.டி.எம். வாசலில் இரண்டு நாள் நின்று எடுத்த பணம். மறுநாள் இருட்டோடு லாட்ஜ் பையன் கதவைத் தட்டி, "உதயம் பார்க்க மொட்டை மாடிக்கு வாருங்கள், அக்கா" என்றான். மேலே போனால், பின்பக்கத்து 900 ரூபாய் அறைக்காரர்கள் எங்களுக்கு முன்பே கைப்பிடிச் சுவரோரம் இடம் பிடித்து நின்றார்கள்.

அன்றிலிருந்து கடல் பார்த்த அறை நான் எடுப்பதில்லை.

என் வீடு திங்கள்சந்தைப் பக்கம். சொந்த மாவட்டத்திலேயே லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குவதற்குக் காரணம் என் நாத்தனார். திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டவள். வருடத்துக்கு இரண்டு முறையாவது மாமியார் வீட்டார், அக்கம்பக்கத்தார் என்று ஒரு வேன் நிறையக் கூட்டிக்கொண்டு வருவாள். வருவதற்கு நான்கு நாள் முன்பு போன் வரும்: "மதினி, குமரியில் மலிவாக இரண்டு அறை பாருங்கள்." எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. இப்படி 2014-இல் தொடங்கியது, இன்னும் ஓயவில்லை.

முதலில் அந்தச் சன்னல் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். 'உதயமும் அஸ்தமனமும் அறையிலிருந்தே' என்று பலகை வைத்திருப்பார்கள். மார்கழியில் அது ஓரளவு உண்மை. சூரியன் தென்கிழக்கே எழுந்து தென்மேற்கே சாய்வதால் இரண்டும் கடலில்தான். ஆனி, ஆடியில் அது வடமேற்கே சாய்ந்து கரைப் பக்கம் மறைந்துவிடும். வாடகை மட்டும் அதற்கேற்பச் சாயாது. ஊருக்கு வந்தவர்கள் அறையில் இருப்பதே தூங்கவும் குளிக்கவும்தான். பகல் முழுக்க விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு வரிசையிலும், பகவதி அம்மன் கோயிலிலும், காந்தி மண்டபத்திலும், சங்குக் கடையிலும் போய்விடும். கடலைப் பார்க்கத்தான் கடற்கரை இருக்கிறதே!

அறை எடுக்கும்போது நான் சன்னல் பக்கம் போவதில்லை, குளியலறைக்குத்தான் போவேன். குழாயைத் திறந்து ஒரு சொட்டு நாவில் வைத்துப் பார்ப்பேன். கரையோரம் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பு. சோப்பு நுரைக்காது, தலை பிசுபிசுக்கும், குழந்தைகளுக்கு அரிக்கும். பிறகு தலையணையைத் தூக்கி முகர்ந்து பார்ப்பேன். உப்புக் காற்றில் மெத்தை எப்போதும் கொஞ்சம் ஈரம் கோத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் பூஞ்சை வாடை வந்தால் அந்த அறை வேண்டாம். மூன்றாவதாக ஏ.சி.யைப் போடச் சொல்லி ஐந்து நிமிடம் காத்திருப்பேன். கடலைப் பார்த்த பக்கத்தில் மாட்டிய ஏ.சி.யின் வெளிப்பெட்டி சீக்கிரமே துருவேறி, லாரி போல உறுமும். பின்பக்க அறைகளில் இந்தத் தொல்லை குறைவு. இவ்வளவும் செய்தால் மேனேஜர் முகம் சுளிப்பார். ஒருவர் மட்டும், "பெண் பார்க்க வந்தது போல இருக்கிறதே" என்று சிரித்தார். அவர் லாட்ஜுக்குத்தான் இன்றுவரை போகிறோம்.

கேட்டுக்கொள்ள வேண்டிய இன்னொன்று, செக்-அவுட் 24 மணி நேரமா, மதியம் 12 மணியா என்பது. சென்னை ரயிலில் விடியற்காலையில் வந்து இறங்குகிறவருக்கு 12 மணிக் கணக்கு என்றால், வந்த அன்றே நண்பகலில் ஒரு நாள் தீர்ந்துவிடும். இல்லையென்றால் மூட்டையோடு வரவேற்பறையில் உட்கார வேண்டும். வாடகை 200 ரூபாய் கூடுதலானாலும் 24 மணி நேர லாட்ஜ்தான் கணக்குக்குச் சரி. ஸ்டேஷன் வாசலில் "நல்ல லாட்ஜ் காட்டுகிறேன்" என்று பையைத் தூக்க வருகிறவர்களோடு போனால், அவர்களுடைய கமிஷனும் சேர்ந்துதான் நம் பில்லில் ஏறும். முதல் வருடம் போனேன். இரண்டு தெரு தள்ளி அதே மாதிரி அறை 300 ரூபாய் குறைவு என்று மறுநாள்தான் தெரிந்தது.

இணையத்தில் பதிவு செய்ததில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. 2019-இல் ஒரு செயலியில் பார்த்த படத்தில் வள்ளுவர் சிலை சன்னலுக்கு நேரே நின்றது. நேரில் போனால் சன்னலுக்கு நேரே அடுத்த லாட்ஜின் தண்ணீர்த் தொட்டி. படம் வேறு யார் வீட்டு மாடியில் எடுத்ததோ! இப்போது செயலியில் விலையை மட்டும் பார்த்துக்கொண்டு நேரே போன் செய்கிறேன். கூட்டம் இல்லாத மாதத்தில் பெரும்பாலும் குறைத்துத்தான் தருகிறார்கள். வரிக் கணக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2022 ஜூலை 18-க்கு முன்பு 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதன்பின் 12 சதவீதம் வந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். சொல்கிற வாடகை வரியோடா, வரி நீங்கலாகவா என்று கேட்டுவிடுங்கள்.

எந்த மாதம் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர்கள் வரத் தொடங்கினால் தை மகரவிளக்கு வரை ஊர் கொள்ளாது. சபரிமலை போகிறவர்களும் திரும்புகிறவர்களும் வேன் வேனாக இறங்குவார்கள். ஆவணியில் 800 ரூபாய்க்கு நான் எடுத்த அறையையே மார்கழியில் 2,000 சொன்னார்கள். சித்திரா பௌர்ணமியன்று ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். அன்றைக்கும் அதே கதை. விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறந்த பிறகு வந்த பொங்கலுக்கு, பதினொரு இடத்தில் கேட்டும் எனக்கு அறை கிடைக்கவில்லை. மாசி, பங்குனியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. அப்போது போனால் ராஜ உபசாரம். ஆனி, ஆடியிலும் மலிவுதான். ஆனால் காற்று ஆளைத் தள்ளும், கடல் சீறினால் படகை நிறுத்திவிடுவார்கள். பாறையைப் பார்க்கவென்றே வருகிறவர்களை அந்த மாதங்களில் நான் வரச் சொல்வதில்லை.

லாட்ஜ் அல்லாத இடங்களில் எனக்கு நிம்மதி தந்தது விவேகானந்தபுரம். 1972-இல் தொடங்கிய விவேகானந்த கேந்திரத்தின் வளாகம். மரநிழலும் மயிலும் உண்டு, பொது அறை முதல் குடும்ப அறை வரை உண்டு. வளாகத்தின் கடற்கரையிலேயே உதயம் பார்க்கலாம். வயதானவர்களோடு போனால் இதைத்தான் முதலில் கேட்பேன். படகுத்துறைக்கு வெயிலில் நடக்கத்தான் தூரம். ரயில்வே ஓய்வறையும் பரவாயில்லை. பயண டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் இருந்தால் இணையத்திலேயே பதியலாம். குளித்து, உடை மாற்றி, ஊர் சுற்றிவிட்டு இரவு ரயில் ஏறுகிறவர்களுக்கு அதற்குமேல் எதற்கு?

நாகர்கோவிலில் தங்குவது பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. 20 கிலோமீட்டர்தான், வடசேரிப் பக்கமும் மீனாட்சிபுரம் பக்கமும் லாட்ஜ்கள் உண்டு, வாடகை குறைவு. 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எங்கள் கூட்டத்தில் ஏழு பேர் பெண்கள் என்பதால் போக்குவரத்துச் செலவு ஏறக்குறைய இல்லாமலே போனது. வழியில் சுசீந்திரத்தில் இறங்கித் தாணுமாலயனையும் பார்த்துக்கொள்ளலாம். உதயத்துக்குத்தான் கஷ்டம். நான்கரைக்கே எல்லாரையும் கிளப்ப வேண்டும். என் மாமியார் ஒருமுறை, "சூரியன் நாகர்கோவிலிலும்தானே உதிக்கிறது" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

2023 மே மாதம் பத்துப் பேர் வந்தபோது குமரியை அடுத்த கோவளம் பக்கம் நாள் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தோம். சமையலறையோடு 2,500 ரூபாய். அது வரை அப்படி யோசிக்காமல் போனோமே என்று இருந்தது. ஆனால் மீன் வாங்கப் போனபோதுதான் தெரிந்தது: கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடந்தன. மேற்குக் கரையில் தடை ஜூன் 1-க்குத்தான் தொடங்கும் என்பதால், என் கணவர் பைக்கில் குளச்சல் வரை போய்ச் சாளை வாங்கி வந்தார். மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து, தேங்காய் அரைத்த மீன் குழம்போடு இலையில் போட்டோம். திண்டுக்கல்காரர்கள் கடலை மறந்துவிட்டார்கள்.

இந்த மாசியில் நாத்தனார் மறுபடி வருகிறாள். இம்முறை அவள் சம்பந்தி வீட்டாரும் உண்டாம். "கடல் தெரிகிற அறையாகப் பாருங்கள், மதினி, அவர்கள் புதிதாக வருகிறார்கள்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு, அந்தப் பழைய மேனேஜரிடம் பின்பக்கத்து மூன்று அறைகளுக்கு 500 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். மாடிக் கதவின் பூட்டை ஐந்து மணிக்கே திறந்துவிட வேண்டும் என்றும் சொல்லி வைத்தாயிற்று.