போரே நகரத்துக்கு என்ன ஆயிற்று? குரோனோ டிரிகரின் மூன்று தொடர்ச்சிகள்

குரோனோ டிரிகர் என்ற காணொளி விளையாட்டில் போரே என்று ஓர் ஊர் வரும். கி.பி. 1000இல் அந்த ஊர்ச் சத்திரத்தில் உப்புக்கண்டம் ஒரு பொட்டலம் 9,900 காசு. அதை வாங்கிக்கொண்டு நானூறு ஆண்டு பின்னோக்கிப் போய், 600ஆம் ஆண்டில் அதே ஊர்த் தலைவர் வீட்டிலிருக்கும் அம்மாளிடம் காட்டினால், 10,000 காசுக்குக் கேட்பார். விற்றால் நூறு காசு லாபம். விற்காமல் இனாமாகக் கொடுத்தால் அந்த அம்மாள் நெகிழ்ந்துபோவார். தன் பிள்ளைகளையும் கொடுக்கும் மனத்தோடு வளர்ப்பதாகச் சொல்வார். மறுபடி 1000ஆம் ஆண்டுக்கு வந்து பார்த்தால், அதுவரை எச்சில் கையால் காக்கை ஓட்டாதவராக இருந்த மேயர் ஊருக்கெல்லாம் வாரிக் கொடுப்பவராகியிருப்பார். நம்மிடமிருந்து போன நிலாக் கல்லையும் தாமே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையறையில், பழைய கணினி ஒன்றின் முன்னால் உட்கார்ந்து இதைக் கண்டபோது நானும் தங்கையும் சிறிது நேரம் பேசவே இல்லை. வசனங்களை ஆங்கிலத்தில் படித்து அவளுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பனைமரங்களை அறைந்துகொண்டிருந்த நாள் அது. எந்த நேரமும் மின்சாரம் போகும். “அண்ணா, முதலில் சேமித்துவிடு. அந்த அம்மா மனசு மாறிவிடப் போகிறார்” என்றாள். சேமித்தேன்.

அந்த விளையாட்டுக்குத் தொடர்ச்சி என்று எதை ஏற்றுக்கொள்வது என்ற கேள்வி இன்றுவரை என்னோடு இருக்கிறது. போட்டியில் மூன்று இருக்கின்றன. 1996இல் வந்த ரேடிகல் டிரீமர்ஸ், 1999இல் வந்த குரோனோ கிராஸ், இவற்றோடு ரசிகர்கள் தாங்களே உருவாக்கிய கிரிம்சன் எக்கோஸ். முதல் இரண்டும் மூல விளையாட்டை வெளியிட்ட ஸ்கொயர் நிறுவனத்தின் படைப்புகள். மூன்றாவது, முடியும் தறுவாயில் தடுக்கப்பட்டது. மூன்றையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: உப்புக்கண்டம் வாங்கிக்கொண்ட அந்த அம்மாளின் ஊருக்குப் பிறகு என்ன ஆயிற்று?

மூலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1995 மார்ச்சில் சூப்பர் ஃபாமிகாம் என்ற விளையாட்டுக் கருவிக்காக ஜப்பானில் வெளிவந்தது. ஃபைனல் ஃபேன்டசியைத் தொடங்கிய ஹிரோனோபு சகாகுச்சி, டிராகன் குவெஸ்டை உருவாக்கிய யூஜி ஹோரி, டிராகன் பால் வரைந்த அகிரா தொரியாமா என மூன்று பெரிய கைகள் ஒன்றுசேர்ந்த வேலை. இசையமைத்த யாசுனோரி மிட்சுடா உழைத்து உழைத்து வயிற்றுப் புண் வந்து படுத்துவிட, மீதியை நோபுவோ உவெமட்சு முடித்துக்கொடுத்தார். 1999ஆம் ஆண்டில் லாவோஸ் என்ற உயிரி பூமியின் அடியிலிருந்து வெடித்தெழுந்து உலகை அழிக்கிறது. 2300இல் மிச்சமிருக்கும் பாழைத் தற்செயலாகப் பார்த்துவிட்ட சில இளைஞர்கள், அதைத் தடுக்கக் காலத்தில் முன்னும் பின்னும் பயணிக்கிறார்கள். கதை இவ்வளவுதான். ஆனால் அதற்குள் ரோபோ என்ற இயந்திரத் தோழன் 600ஆம் ஆண்டில் ஒரு பாலை நிலத்தில் தனியே இறங்கிக்கொண்டு, நானூறு ஆண்டு நின்று மரம் வளர்க்கிறான். நாம் ஒரு நொடியில் 1000ஆம் ஆண்டுக்குப் போய் இறங்கும்போது அங்கே காடு இருக்கிறது. துருப்பிடித்த ரோபோவும் இருக்கிறான். நாம் செய்வது எதுவும் வீண்போகாது என்ற நம்பிக்கைதான் அந்த விளையாட்டின் உயிர். தொடர்ச்சி என்று வருவது எதுவானாலும் இந்த நம்பிக்கைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ரேடிகல் டிரீமர்ஸை விரைவாகக் கடந்துவிடலாம். செயற்கைக்கோள் வழியே ஒலிபரப்பான சாட்டெல்லாவியூ சேவைக்காகச் சில மாதங்களில் எழுதப்பட்ட சிறு படைப்பு. படங்கள் குறைவு. பெரும்பாலும் எழுத்தைப் படித்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செர்ஜ், கிட், மேகில் என்ற மூன்று திருடர்கள் இரவில் ஒரு மாளிகைக்குள் நுழைகிறார்கள். இருட்டும் காலடியோசையும் நன்றாக வந்திருக்கின்றன. போரே நகரத்தைப் பற்றிய என் கேள்விக்கு இங்கே இடமே இல்லை. இது ஒரு நல்ல கிளைக்கதை. 2003இல் ரசிகர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்ததால்தான் ஜப்பானுக்கு வெளியே இருந்தவர்களுக்கு இது கிடைத்தது. நிறுவனத்தின் சொந்த ஆங்கிலப் பதிப்பு வர 2022 ஆகிவிட்டது. ரசிகர் உழைப்பு இந்தத் தொடரில் எப்போதும் ஓர் எட்டு முன்னே நடந்திருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

குரோனோ கிராஸ் அப்படிக் கடந்துபோகக் கூடியதல்ல. மூலத்தின் கதையை எழுதியவர்களுள் ஒருவரான மசாடோ கேட்டோ இயக்கியது. பிளேஸ்டேஷனில் அதுவரை வந்தவற்றுள் கண்ணுக்கு இவ்வளவு நிறைவானவை சிலவே. பவளமும் தென்னையும் நீலக்கடலும் கொண்ட எல் நீடோ தீவுகள். மிட்சுடாவின் இசையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. விளையாட்டையே தொடாத பலரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். செர்ஜ் என்ற பையன் ஒருநாள் கடற்கரையில் நிற்கும்போது வேறோர் உலகத்துக்கு நழுவிவிடுகிறான். அங்கே அவன் பத்து ஆண்டுகளுக்கு முன்பே கடலில் மூழ்கி இறந்தவன். தன் கல்லறையின் முன்னால் தானே நிற்கும் அந்தக் காட்சிக்காக மட்டுமே நான் இதை இருமுறை தொடங்கியிருக்கிறேன்.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. சேர்த்துக்கொள்ளக் கூடிய தோழர்கள் 45 பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வசனம் எழுத முடியாது. ஆகவே ஒரே வசனத்தை அவரவர் பேச்சு வழக்குக்கேற்ப விளையாட்டே மாற்றிக்கொடுக்கும். ஒருவர் சொல்லை இழுப்பார், ஒருவர் விழுங்குவார், ஒருவர் வேற்றுநாட்டுச் சாயலில் பேசுவார். எல்லையில் வாழ்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரே சொல்லின் வால் எப்படி வளைகிறது என்பதை வைத்து, பேசுகிறவர் சித்தூர்ப் பக்கமா, வேலந்தாவளமா, பொள்ளாச்சியா என்று எங்கள் ஊர்க் கடைத்தெருவில் சொல்லிவிடுவார்கள். ஆனால் வழக்கு மட்டும் வேறு, சொல்லும் செய்தி ஒன்றே என்றால் 45 பேரும் மெல்ல மெல்ல ஒருவராகிவிடுகிறார்கள். மூலத்தில் ஏழே பேர்தான். அந்த ஏழு பேரும் எப்படிக் கோபப்படுவார்கள் என்பது எனக்கு இன்றும் தெரியும்.

கிராஸின் கனமான பகுதி இறந்த கடல். நடக்காமல் போன எதிர்காலத்தின் இடிபாடுகள் அங்கே உறைந்து கிடக்கின்றன. மூலத்தின் நாயகன் குரோனோ, அவன் தோழிகள் மார்ல், லூக்கா மூவரும் சிறுவர் உருவில் தோன்றிப் பேசுகிறார்கள். உலகைக் காப்பாற்ற நீங்கள் அழித்த காலத்தில் பிறந்திருக்க வேண்டியவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி அங்கே எழுகிறது. தொடர்ச்சி கேட்கக் கூடிய மிக நேர்மையான கேள்வி இது. இதற்காகக் கிராஸை நான் மதிக்கிறேன்.

ஆனால் போரே? 1020ஆம் ஆண்டின் கதையான கிராஸில் அது ஒரு படைவல்லரசு. மார்லின் நாடான கார்டியா வீழ்ந்துவிட்டது. மூலத்தின் 1999 பிளேஸ்டேஷன் மறுபதிப்பில் சேர்த்த அசைபடக் காட்சி ஒன்றில் அந்த வீழ்ச்சி சில நொடிகள் காட்டப்படுகிறது. யார் செய்தார்கள், ஏன், வாரிக் கொடுத்த மேயரின் ஊர் எப்படிப் படை திரட்டியது, இளவரசி மார்ல் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதெல்லாம் இல்லை. நம்மோடு இத்தனை காலங்கள் நடந்தவர்களின் முடிவு, யாரோ போகிறபோக்கில் சொன்ன செய்தியாக நம் காதில் விழுகிறது. கிட் என்ற பெண்ணை வளர்த்த லூக்காவின் அநாதை இல்லம் எரிகிற காட்சி மட்டும் நெஞ்சைச் சுடுகிறது. மூலத்தின் தோழர்களுள் ஒருவனான மேகஸைக் கதையில் சேர்க்க நினைத்து, பாத்திரங்கள் பெருகிவிட்டதால் அந்த இடத்தில் கைல் என்ற வேறொருவனை வைத்துவிட்டார்கள். அக்காவைத் தேடி அலையும் தம்பி மேகஸ் இல்லாமலே அக்கா ஷாலாவின் கதை முடிகிறது. இதை நான் ஏற்கவில்லை.

கிரிம்சன் எக்கோஸ் இந்த இடைவெளிக்குள்தான் இறங்குகிறது. மூல விளையாட்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அது தொடங்குகிறது. பழைய தோழர்கள் பழைய முகங்களோடு வருகிறார்கள். கார்டியாவுக்கும் போரேவுக்கும் மூளும் பகையின் நடுவே நாம் நிற்கிறோம். மூலத்தில் மகாராணி மட்டுமே தெரிந்த ஜீல் என்ற பழங்கால மந்திர நாட்டுக்கு ஓர் அரசரும் இருந்திருப்பாரே என்ற எளிய கேள்வியிலிருந்து கதையின் எதிரியை உருவாக்கியிருக்கிறார்கள். ஒரு கதையைப் பல ஆண்டு மனத்தில் அசைபோட்டவர்களுக்கே தோன்றும் கேள்வி அது.

எப்படிச் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1995இன் விளையாட்டு நிரலையே பிரித்து, இந்த விளையாட்டுக்கென்றே ரசிகர்கள் எழுதிய டெம்போரல் ஃபிளக்ஸ் என்ற கருவியால் வரைபடங்களையும் வசனங்களையும் நிகழ்ச்சிகளையும் மாற்றி அமைத்தார்கள். 32 மெகாபிட் கேசட்டுக்குள் இருந்த ஓவியத் துண்டுகள்தான் பெரும்பாலும் மூலப்பொருள். பழைய வீட்டைப் பிரித்து, அதே உத்தரம், அதே ஓடு, அதே கதவு கொண்டு இன்னொரு வீடு கட்டுவது போன்ற வேலை. கிராஸைப் போல் கண்ணைப் பறிக்காது. ஆனால் கார்டியா காட்டின் அந்தப் பச்சையில் கால் வைத்ததும் வீட்டுக்கு வந்த உணர்வு வந்துவிடுகிறது. அதுதான் தொடர்ச்சி என்ற சொல்லுக்கு என் பொருள்.

குறைகள் இல்லாமல் இல்லை. வசனம் நீளம். காலக் கோட்பாட்டை விளக்கத் தொடங்கினால் பாத்திரங்கள் ஆசிரியர்களாகிவிடுகிறார்கள். மூலத்தில் ஒரு தலையசைப்பில் முடியும் இடம் இங்கே நான்கு பெட்டி வசனமாகிறது. நகைச்சுவையும் குறைவு. தவளை வீரனின் வாளும் ஆதிகாலப் பெண் ஏலாவின் கொச்சைப் பேச்சும் கொடுத்த அந்த லேசு இதில் இல்லை. சண்டைகளின் கடுமையும் இடத்துக்கு இடம் ஏறி இறங்குகிறது. கைத்தேர்ச்சியில் கிராஸ் பல படி மேல். ஆனால் அக்கறையில் இது மேல். அந்த ஊர்களையும் அந்த மனிதர்களையும் விட்டுவிட்டுப் போக மனமில்லாதவர்கள் எழுதியது என்பது ஒவ்வொரு தெருவிலும் தெரிகிறது.

பல ஆண்டு உழைப்பு அது. பத்து முடிவுகள், சுமார் 35 மணி நேர ஆட்டம். 2009 மே மாதம், வெளியிடச் சில வாரங்களே இருந்தபோது, ஸ்கொயரின் இன்றைய வடிவமான ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்திடமிருந்து பணியை நிறுத்தக் கோரும் சட்டக் கடிதம் வந்தது. உருவாக்கியவர்கள் நிறுத்திவிட்டார்கள். பின்னர் இணையத்தில் கசிந்த பிரதியில்தான் என்னைப் போன்றவர்கள் விளையாடினோம். உரிமையாளருக்கு உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. வேறு வழியும் உண்டு என்பதைத்தான் சொல்கிறேன். கோதிக் 2 விளையாட்டின் மேல் போலந்து ரசிகர்கள் கட்டிய ஆர்க்கோலோஸ் 2021 டிசம்பரில் இலவசமாக, விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்திலேயே வெளிவந்தது. மூல விளையாட்டை வாங்கியவர்கள் மட்டுமே அதை ஆட முடியும் என்பதால் மூலத்துக்கும் வாங்குவோர் பெருகத்தானே செய்வார்கள்? கிரிம்சன் எக்கோஸுக்கும் அப்படி ஒரு வாசல் திறந்திருக்கலாம்.

அந்தக் கடிதச் செய்தியைப் படித்த இரவில் எனக்குத் தோல்பாவைக் கூத்து நினைவுக்கு வந்தது. பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில், கூத்துமாடத்துத் திரைக்குப் பின்னால் 21 விளக்குகளை ஏற்றி, கம்பனின் தமிழ்ப் பாட்டைப் பாடி விளக்கம் சொல்லிப் புலவர்கள் ஆட்டுவிப்பார்கள். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவணப் போரைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக ஆடுவது அது. நள்ளிரவுக்குமேல் எதிரே மனிதர் ஒருவரும் இல்லாவிட்டாலும் பாட்டு நிற்காது. பார்க்க முடியாமல் போனவருக்கு மிச்சக் கதையைக் காட்டிவிட வேண்டும் என்ற அந்த நிலை எனக்குப் புரியும். கிரிம்சன் எக்கோஸை உருவாக்கியவர்களிடமும் அதையே கண்டேன்.

தங்கை மகன் பொள்ளாச்சியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். கைப்பேசியில் டிரிகரை முடித்துவிட்டு, அடுத்து எதை ஆடுவது என்று கேட்டான். கிராஸை வாங்கு, 2022 பதிப்பில் ரேடிகல் டிரீமர்ஸும் சேர்ந்தே கிடைக்கும், இசைக்காகவும் இறந்த கடலுக்காகவும் முழுதாக ஆடு, ஆனால் குரோனோவும் மார்லும் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று அதில் தேடாதே என்றேன். அதைத் தேடியவர்கள் செய்த வேலையைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மாமா, போரே மேயர் என்னிடம் கல்லைக் கொடுக்கவே இல்லையே?” என்றான். உப்புக்கண்டத்தை என்ன செய்தாய் என்று கேட்டேன். நூறு காசு லாபத்துக்கு விற்றிருந்தான். இப்போது பழைய சேமிப்பைத் திறந்து, மறுபடி 600ஆம் ஆண்டுக்குப் போயிருக்கிறான்.